பகலில் சாகட்டும்

லியெபாயாவில் டிராம் தடம் ஒன்றே ஒன்று.
ஓடும் வண்டிகள் பதினான்கு.
அடுத்தது எத்தனை நிமிடத்தில் வரும் என்று
நிறுத்தப் பலகைகளுக்குச் சொல்லும் எங்கள் நிரலுக்கு
ஐந்நூற்றுப் பன்னிரண்டு மெகாபைட் நினைவகம்.
அதற்குமேல் ஒரு பைட் கேட்டாலும்
இயங்குதளம் விசாரிக்காமல் கொன்றுவிடும்.
கொன்றதை ஒரு வரியில் குறித்தும் வைக்கும்,
பிணவறைப் பதிவேடு மாதிரி:
பெயர், எடை, நேரம்.

அதனால் ஐவார்ஸ் ஆறு வருடமாக
தினம் அதிகாலை மூன்று மணிக்கு
அதைத் தானே கொன்று தானே எழுப்பிக்கொண்டிருந்தார்.
தானே என்றால், அவர் எழுதிவைத்த ஒரு வரி.
அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.
யாருக்கும் தெரியாது. எனக்கும்தான்,
லீகோ இரவு வரும்வரை.

ஆண்டின் மிகக் குறுகிய இரவு அது.
ஓக் இலை மாலை சூடிய கூட்டம்
கடற்கரைக்கும் ஊருக்குமாக அலைந்தது.
நள்ளிரவு தாண்டியும் வண்டிகள் விட்டார்கள்.
பதினொன்று ஐம்பதுக்கு
எல்லாப் பலகைகளும் ஒருசேர இருண்டன.
நெருப்பைச் சுற்றி எல்லோரும் பாட,
வாயில் பாதிப் பாலாடைக்கட்டியோடு
கைபேசியில் அதை எழுப்பினேன்.

"ஒரு ஜிபி கொடுத்துவிடலாம்,
மாதம் நாலு யூரோ, என் காப்பிக்கே அதைவிட ஆகிறது"
என்றார் ஐவார்ஸ்.
விஸ்மா ஒத்துக்கொள்ளவில்லை.
இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் ரகம் இது,
ஒன்றையும் தின்னும், கொஞ்சம் தள்ளிச் சாகும்,
அவ்வளவுதான் வித்தியாசம்.
ஐந்நூற்றுப் பன்னிரண்டை அடித்துவிட்டு
இருநூற்று ஐம்பத்தாறு என்று எழுதினாள்.
பாதி.
"செத்தாலும் பகலில் சாகட்டும்.
நாம் விழித்திருக்கும்போது.
பிணம் சூடாக இருக்கும்போது."

செவ்வாய்க்கிழமை. மழை. காலை பதினொன்றரை.
இருண்டது.
மீன் சந்தை நிறுத்தத்திலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்:
"என் பெட்டியில் ஐஸ் உருகுகிறது,
உங்கள் பெட்டி உறங்குகிறதா?"
நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள்
சாகும் கணத்து நினைவகத்தை அப்படியே படியெடுத்து
திரையில் விரித்திருந்தாள் விஸ்மா.

உள்ளே டிராம்கள்.
முப்பத்தோராயிரத்து எழுநூற்றுச் சொச்சம் டிராம்கள்.
ஒவ்வொன்றும் இன்னும் வந்துகொண்டே இருந்தது,
ஓட்டுநர் எண்ணோடு,
கதவு திறந்த கணக்கோடு,
கண்ணாடித் துடைப்பான் ஓடியதா என்பது உட்பட.

பத்து விநாடிக்கு ஒருமுறை
வண்டிக்கு ஒரு புதுக் கணிப்பு எழுதுகிறோம்.
பழையதை அள்ளுவது குப்பை சேகரிப்பானின் பாடு.
அது ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது.
ஒவ்வொன்றின் முன்னும் நின்று
மரியாதையாகக் கேட்டும் இருக்கிறது,
இது இனி யாருக்காவது வேண்டுமா?

வேண்டும் என்றது ஒரே ஒரு குரல்.
கயிற்றாலை நிறுத்தம்.

அப்படி ஒரு நிறுத்தமே இல்லை.
சாலையை அகலமாக்கியபோது கூரையைக் கழற்றினார்கள்,
பலகையைக் கழற்றினார்கள்,
பட்டியலில் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.
வண்டி வந்து சேர்ந்தால்தான்
அது தன் பிடியை விடும்.
எந்த வண்டியும் அங்கே நிற்பதில்லை.
காலை ஐந்து மணியிலிருந்து
கடந்துபோகும் ஒவ்வொன்றையும்
விடாமல் பிடித்துவைத்திருந்தது.

நான் சிரித்துவிட்டேன். விஸ்மா சிரிக்கவில்லை.
"இதை எழுதியது யாரென்று பார்."
பார்த்தேன்.
என் பெயர். ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி.
அருகில் என் கைப்பட ஒரு குறிப்பு:
வண்டி சேரும்வரை வைத்திருக்கவும்,
நிறுத்தம் எங்கே போய்விடப் போகிறது.

திருத்தம் ஒரு வரி.
இப்போது எழுபத்தொரு மெகாபைட்,
வரைபடத்தில் கோடு
உறைந்த ஏரிபோல் கிடக்கிறது.
விஸ்மா எல்லையை இன்னும் இறுக்கி
நூற்று இருபத்தெட்டு ஆக்கிவிட்டாள்.

மூன்று மணி வரியை மட்டும் ஐவார்ஸ் எடுக்கவில்லை.
இன்றும் அதிகாலையில்
ஒரு குறையுமில்லாத நிரலை அது கொல்கிறது, எழுப்புகிறது.
எதற்கு என்று கேட்டேன்.
எதற்கும் இருக்கட்டும் என்றார்.

வற்புறுத்தவில்லை.
அந்தக் களஞ்சியத்தில் என் பெயரில்
இன்னும் நானூறு கோப்புகள் இருக்கின்றன.